ஆறு குழல், பன்னிரண்டு டார்ட்

நெர்ஃப் பொம்மைகளில், ஆறு டார்ட்டைப் போட்டு உருளையைச் சுழற்றிச் சுடும் ரிவால்வர் ரகத்துக்குத் தனி வம்சாவளியே உண்டு. தயாரிக்கும் ஹாஸ்ப்ரோ நிறுவனம் மறந்தும் அதைத் ‘துப்பாக்கி’ என்று சொல்லாது. ‘ப்ளாஸ்டர்’ என்றுதான் சொல்லும். தமிழில் பிளாஸ்டர் என்றால் காயத்துக்கு ஒட்டுவது. பெயர் ஓரளவு பொருத்தம்தான்.

குலமுதல்வர் ஒரு பந்து. ரெய்ன் கயர் என்ற அமெரிக்கர் உருவாக்கிய 4 அங்குல ஃபோம் பந்தைப் பார்க்கர் பிரதர்ஸ் 1970-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. வீட்டுக்குள்ளே எறியலாம், விளக்கு உடையாது, குழந்தைக்கும் கிழவருக்கும் அடிபடாது என்பதே விளம்பரத்தின் சாரம். இப்படிச் சாந்த சொரூபியாகப் பிறந்த குடும்பம் 1989-இல் பந்தைக் குழலில் போட்டுத் தள்ளிப் பார்த்தது. 1992-இல் ‘ஷார்ப்ஷூட்டர்’ மூலம் டார்ட்டுக்கு மாறியது. இடையில் 1991-இல் உரிமை ஹாஸ்ப்ரோவிடம் போய்ச் சேர்ந்தது.

டார்ட் என்பது சுண்டுவிரல் பருமனில் ஒரு ஃபோம் குழாய், நுனியில் ரப்பர் தொப்பி. எடை ஒரு கிராம் அளவுதான். அதை அனுப்ப வெடிமருந்து வேண்டாம். ஸ்லைடை இழுத்தால் ஸ்பிரிங் சுருங்கும். டிரிகரை அழுத்தினால் பிஸ்டன் பாய்ந்து காற்றைத் தள்ளும். சைக்கிள் பம்பில் ஒரே ஒரு குத்து, அவ்வளவுதான்.

2005-இல் வந்த ‘மேவரிக் ரெவ்-6’தான் இந்த ரகத்துக்குப் புகழ் தேடித் தந்தது. மஞ்சள் உடம்பு, பக்கவாட்டில் திறக்கும் உருளை. ஆறையும் நிரப்பி, மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டினால் ‘டக்’கென்று மூடிக்கொள்ளும். சுடத் தெரியாதவனும் அந்தக் கணத்தில் கௌபாய் ஆகிவிடுவான். ஒரு குறை, உருளை முழுதாக வெளியே வராது. உட்பக்கத்துக் குழல்களில் டார்ட் போடுவது, பீரோவுக்குப் பின்னால் விழுந்த சாவியை எடுப்பது மாதிரி. பொறுமை இழந்த ரசிகர்கள் தடுக்கும் பிளாஸ்டிக்கை அறுத்துத் தள்ளினார்கள். ஒவ்வொரு குழலிலும் காற்றடைப்பான் வேறு. டார்ட் உட்கார்ந்து அழுத்தினால்தான் அது வழிவிடும். பென்சிலைச் சொருகிப் பார்க்கும் மேதைகளுக்கு அங்கே ஏமாற்றம். அதையும் பிடுங்கினார்கள். வாங்கிய மறுநாளே ஸ்குரூடிரைவரைத் தேட வைத்த பொம்மை இதைப் போல் குறைவு.

2012-இல் எலைட் வரிசை வந்தது. உடம்பு நீலமாயிற்று, பெட்டியில் ‘75 அடி வரை’ என்ற வீரவசனம் ஏறியது. இந்த வரிசையில் மேவரிக்கின் வாரிசு ‘ஸ்ட்ராங்ஆர்ம்’. டிரிகரை விடாமல் அழுத்திக்கொண்டு ஸ்லைடை இழுத்து இழுத்துத் தள்ளினால் ஆறும் சரசரவென்று போய்விடும். குறி பார்ப்பது என்ற தொல்லையே அதில் இல்லை. உருளை திறக்கும் வித்தையும் தப்பியது. வம்சத்தின் பொற்காலம் இதுதான் என்று அடித்துச் சொல்லலாம்.

2016-இல் ‘டிஸ்ரப்டர்’ வந்து அந்த வித்தைக்கு முடிவு கட்டியது. உருளை திறக்காது, முன்னாலிருந்தே டார்ட்டைக் குத்திக்கொள்ள வேண்டியதுதான். ஒடிவதற்கு ஒரு கீல் குறைவு, நிரப்புவதும் எளிது, ஆனால் மணிக்கட்டுக்கு வேலையில்லை. கௌபாய் போய் குமாஸ்தா வந்த கதை.

2020-இன் ‘எலைட் 2.0’ வரிசையில் வந்த ‘கமாண்டர் ஆர்டி-6’-உம் அதே வழிதான். திறக்காத உருளைக்கு ஈடாக, உபரிச் சாமான்களை மாட்டிக்கொள்ளத் தண்டவாளங்கள் கிடைத்தன. அந்தச் சாமான்களைத் தனியே வாங்க வேண்டும் என்பது பெற்றோருக்குப் பிறகுதான் உறைக்கும். பெட்டியில் 12 டார்ட். உருளையில் இடம் ஆறுக்குத்தான். மீதி ஆறு எதற்கென்று, ஒரு வாரம் கழித்து சோபாவை நகர்த்துகிறவருக்குத் தெரியும்.