நாய்க்கு அரை மாத்திரை

ஒவ்வாமை வந்தால் மனிதர்கள் தும்முவார்கள், நாய்கள் சொறியும். மூக்கொழுகுவதும் கண் சிவப்பதும் நாய்களுக்குக் குறைவு. அவற்றின் ஒவ்வாமை பெரும்பாலும் தோலில்தான் தெரியும். பாதங்களை நக்கி நக்கிச் செம்பழுப்பாக்கும், அடிவயிற்றைக் கடிக்கும், காதைத் தரையில் தேய்க்கும், நள்ளிரவில் கட்டில் காலில் முதுகை உரசி வீட்டையே எழுப்பும். இந்தக் கடைசி அறிகுறி வந்த பிறகுதான் வீட்டார் சிகிச்சையைப் பற்றி யோசிப்பார்கள்.

சிகிச்சை மருந்து டப்பாவில் தொடங்கும். செட்டிரிசினோ அவிலோ இல்லாத டப்பா நம் பக்கத்து வீடுகளில் அபூர்வம். அதில் அரை மாத்திரையை நாய்க்குக் கொடுத்தால் என்ன என்று யாராவது ஒருவர் கேட்பார். அவர் அநேகமாக மருத்துவம் படிக்காதவராக இருப்பார். யோசனை முற்றிலும் அபத்தம் என்றும் சொல்லிவிட முடியாது. கால்நடை மருத்துவர்களும் இதே வகை மருந்துகளை எழுதுவதுண்டு. அவில் ஊசி அவர்களுடைய பையில் நெடுங்காலமாக இருப்பதுதான். சிக்கல் அந்த 'அரை'யில் இருக்கிறது. நாய்க்குச் செட்டிரிசின் எழுதும்போது, எடையில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் என்பதை ஒட்டியே மருத்துவர்கள் கணக்குப் போடுவது வழக்கம். முப்பது கிலோ லேப்ரடாருக்குப் பத்து மில்லிகிராம் மாத்திரையில் பாதி என்பது வீட்டாரின் மனநிம்மதிக்கான அளவு. அதற்காக அளவைத் தாங்களே கூட்டிக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை. சிறுநீரகம், வலிப்பு, கண் அழுத்தம் என்று பார்க்க வேண்டியவை பல உண்டு.

மருந்து வேலை செய்யும் விதம் எளிமையானது. ஒவ்வாத பொருள் உடலில் பட்டதும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. அது செல்களின் ஏற்பிகளில் போய் உட்கார்ந்ததும் தடிப்பு, வீக்கம், அரிப்பு எல்லாம் வரும். ஆன்டிஹிஸ்டமின் எனப்படும் இவ்வகை மருந்து அந்த இடத்தில், பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவதுபோல், முந்திக்கொண்டு சீட்டுப் பிடித்துவிடுகிறது. ஹிஸ்டமின் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டால் துண்டுக்கு மரியாதை கிடையாது. அதனால்தான் அரிப்பு முற்றிய பிறகு கொடுப்பதைவிட முன்கூட்டிக் கொடுப்பது மேல். இவ்வகை மருந்துக்கு வழி திறந்தவர்கள் டேனியல் போவெயும் ஆன்-மாரி ஸ்டாபும். ஆண்டு 1937, இடம் பாரிஸ் பாஸ்டர் நிறுவனம். போவெ 1957இல் நோபல் பரிசும் பெற்றார்.

நோபல் பரிசு பெற்ற வழியாக இருந்தும், நாயின் நாள்பட்ட அரிப்பில் இந்த மருந்து பல சமயம் தோற்றுப்போகிறது. அந்த அரிப்பை ஹிஸ்டமின் தனியாகக் கிளப்புவதில்லை. இன்டர்லூகின்-31 என்ற புரதத்துக்கு அதில் பெரும் பங்கு உண்டு. ஆகவே சில நாய்களுக்கு மட்டுமே நல்ல பலன் தெரிகிறது. ஆனால் வீட்டாரைக் கேட்டால் பிரமாதமான குணம் என்பார்கள். காரணம், டைபென்ஹைட்ரமின், குளோர்பெனிரமின் போன்ற பழைய தலைமுறை மருந்துகள் மூளைக்குள் புகுந்து தூக்கத்தைக் கொடுக்கின்றன. தூங்கும் நாய் சொறியாது. சில நாய்கள் நேர்மாறாகப் பரபரப்படைந்து ராத்திரி முழுக்கக் கூடத்தைச் சுற்றும். அந்த வீடுகளில் குணம் பற்றிய பேச்சே எழாது.

குளவிக் கொட்டு, திடீர்த் தடிப்பு, தடுப்பூசிக்குப் பிந்தைய லேசான வீக்கம் ஆகியவற்றில் மருந்துக்குக் கௌரவமான இடம் உண்டு. ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது. கடையில் "சளி மாத்திரை" என்று கேட்டு வாங்குவதில் ஆன்டிஹிஸ்டமினுடன் பாரசிட்டமாலும் மூக்கடைப்பு மருந்தும் சேர்ந்திருக்கும். இரண்டும் நாய்க்கு நஞ்சாகக்கூடியவை. இனிப்புக்காக சைலிட்டால் சேர்த்த சிரப் இன்னும் மோசம். நாயின் இரத்தச் சர்க்கரையைச் சரித்துக் கல்லீரலையும் கெடுக்கும்.

சரியான மருந்தைச் சரியான அளவில் வாங்கிவிட்டாலும், அது நாயின் வயிற்றுக்குள் போக வேண்டுமே! இட்லிக்குள் வைத்தால் இட்லி போகும், மாத்திரை தட்டோரத்தில் சுத்தமாகத் துடைத்து வைக்கப்பட்டிருக்கும். தயிர்சாதத்தில் பொடித்துக் கலந்தால் நாய் அன்று விரதம். கடைசியில் கோழித்துண்டு வெற்றி பெறும். கோழி, மாட்டிறைச்சி, பால் ஆகியவை நாய்களுக்கு உணவு ஒவ்வாமை தருபவற்றில் முன்வரிசையில் இருப்பவை என்பதைப் பல வீடுகள் அப்புறம்தான் தெரிந்துகொள்கின்றன. ஒவ்வாமைக்கான மருந்தை ஒவ்வாமைக்குள்ளேயே மடித்துக் கொடுக்கும் இந்த முறைக்கு எந்தப் பாடநூலிலும் இடமில்லை.

மருந்துக்கு முன்பே செய்திருக்க வேண்டியது ஒன்று உண்டு: தெள்ளுப்பூச்சி தேடுவது. தெள்ளின் உமிழ்நீர் ஒவ்வாத நாய்க்குச் சில கடிகளே போதும், வால் அடியில் முடி கொட்டும்வரை சொறியும். நெருக்கமான சீப்பால் வாரி, விழும் கரும்பொடியை ஈரப் பஞ்சில் வைத்துப் பார்த்தால் செம்பழுப்பு நிறம் ஊறும். அது தெள்ளின் எச்சம், உள்ளே இருப்பது நாயின் இரத்தம். எங்கள் வீட்டில் தெள்ளே கிடையாது என்று சத்தியம் செய்பவர்களும் இந்தப் பஞ்சைப் பார்த்து வாயடைத்துப் போவார்கள். தெள்ளை விட்டுவைத்துச் செட்டிரிசின் கொடுப்பதில் லாபம் தெள்ளுக்குத்தான்.

அடங்காத அரிப்புக்கு இன்று வேறு மருந்துகள் வந்துவிட்டன. ஓக்லாசிட்டினிப் மாத்திரைக்கு அமெரிக்காவில் 2013இல் அனுமதி கிடைத்தது. லோகிவெட்மாப் ஊசி நேராக இன்டர்லூகின்-31ஐயே பிடித்துக் கட்டுகிறது. விலையைக் கேட்டால் வீட்டாருக்குத் தலை அரிக்கும் என்பதைத் தவிர, பலனில் இவை பழைய மருந்தை வெகுதூரம் தாண்டிவிட்டன. ஆனால் முகவீக்கத்தோடு வாந்தி, மூச்சுத்திணறல், தள்ளாட்டம் என எது சேர்ந்தாலும் எந்த மாத்திரையையும் உடைத்துக்கொண்டிருக்காதீர்கள். அதற்குத் தேவை அட்ரினலின். நாயைத் தூக்கிக்கொண்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.