லோகோ மாத்தப் போற பேரனுக்கு

ஏன்டா பேராண்டி, உங்க கம்பெனி லோகோவை மாத்தப் போறீங்களாமே? கோரமங்கலாவுல ஏசி போட்டுக்கிட்டு ஆறு மாசமா ஒரே எழுத்தைச் சாய்ச்சும் நிமித்தியும் பாக்குறீங்கன்னு உங்கம்மா சொன்னா. நல்ல உத்தியோகம்தான். அந்த ஆறு மாசத்துல நான் ராகி வெதைச்சு, அறுத்து, களி கிண்டித் தின்னே முடிச்சிருப்பேன்.

மாத்து, வேணாங்கல. ஆனா போன்லயே துணி விக்கிற உங்க ஊரு மிந்த்ரா கம்பெனி, லோகோவால பட்ட பாட்டை ஒருவாட்டி நெனச்சுக்கோ. ஆரஞ்சும் ரோஸுமா அந்த ‘எம்’ எழுத்து வருஷக்கணக்கா டப்பா மேலயும் போன் மேலயும் சிவனேன்னு கெடந்துச்சு. ஜனங்க பாத்தாங்க, பேன்ட் வாங்குனாங்க, சைஸ் பத்தலைன்னு திருப்பி அனுப்புனாங்க. 2020 டிசம்பர்ல ஒரு அம்மா மும்பை சைபர் போலீசுக்குப் போய், இது பொம்பளைங்களைக் கேவலப்படுத்துற மாதிரி இருக்குன்னு எழுதிக் குடுத்தாங்க. எப்படின்னு என்கிட்ட கேக்காத, வயசுல பெரியவன் நான். போலீசு பாத்துச்சு, ஆமான்னுச்சு. கம்பெனிக்காரங்களும், ஒரு மாசத்துல மாத்திடுறோம்னு ஒத்துக்கிட்டாங்க.

2021 ஜனவரி கடைசியில சேதி வெளிய வந்துச்சு பாரு, ஊரே அந்த எழுத்தை அன்னைக்குத்தான் மொதமொதல்ல பாத்துச்சு! “அய்யய்யோ, இத்தனை நாள் தெரியலையே”ன்னு பாதிப் பேரு கன்னத்துல போட்டுக்கிட்டான். “இதுல என்னய்யா இருக்கு, பாக்குறவன் கண்ணுதான் கோணல்”னு மீதிப் பேரு திட்டுனான்; திட்டிக்கிட்டே ரெண்டு வெரலால பெருசாக்கியும் பாத்துக்கிட்டான். அந்தம்மா சொன்னது சரியா தப்பான்னு பஞ்சாயத்து பண்ண நான் வரல. ஆனா அவங்க சொன்னதுக்கப்புறம் எனக்கும் தெரியுதே, என்ன பண்ண? புது லோகோ வந்தப்ப, கலரு கலக்குற எடத்துல லேசாத் தொட்டிருந்தாங்க. எங்கய்யா மாத்துனீங்கன்னு அதுக்கும் ஒரு சண்டை.

அதே ஜனவரியில அமேசான்காரனும் போன் ஆப்புக்குப் போட்ட புதுப் படத்தால மாட்டுனான். பழுப்பு அட்டைப்பெட்டி, கீழ சிரிக்கிற அம்பு, மேல பல்லுப் பல்லா கிழிச்ச நீல டேப்பு. அவன் டேப்புன்னான், ஜனம் ஹிட்லர் மீசைன்னுச்சு. சத்தம் போடாம டேப்போட முனையை மடிச்சு விட்டான், மீசை போயே போச்சு. 2010-ல அமெரிக்காவுல கேப்புங்கிற துணிக்கம்பெனிக்கு அந்த நெளிவு சுளிவு இல்ல. புதுசு புடிக்கலைன்னு ஜனம் கத்துன கத்துல, ஒரே வாரத்துல பழசையே எடுத்து மாட்டிக்கிட்டான்.

இவங்க எல்லாரும் படிச்சவங்க, படம் வரையத் தெரிஞ்சவங்க. இவங்ககிட்ட இல்லாதது ஒண்ணே ஒண்ணு: வேலை வெட்டி இல்லாத கெழவனுங்க. உங்க ஆபீசுல எல்லாம் ஒரே வயசு, ஒரே காப்பி, ஒருத்தன் “சூப்பர்”னா எல்லாரும் சூப்பர். சம்பளம் குடுக்குறவன் வரைஞ்ச படத்தைப் பாத்து எவன்டா சிரிப்பான்?

அதனால சொல்றேன், ஞாயித்துக்கிழமை ஒசூருக்கு பஸ் ஏறு. டீக்கடை பெஞ்சுல நாங்க அஞ்சு பேரு இருப்போம். படத்தைக் காட்டிட்டுக் கம்முனு நில்லு, வெளக்கம் குடுக்காத. ஒருத்தன் கோழிம்பான், ஒருத்தன் கொடைம்பான், விட்டுடு. எவனாவது துண்டால வாயைப் பொத்துனா மட்டும் என்ன ஏதுன்னு கேக்காம அடுத்த பஸ்ஸுலயே திரும்பிப் போய், வேற வரைஞ்சு எடுத்துட்டு வா. பெருசா அச்சடிச்சுக் கொண்டா, போன்ல எங்களுக்குக் கண்ணு தெரியாது. டீக்காசு உங்க கம்பெனிக் கணக்கு.