பரோலோவும் திருகோணமலை மரமும்

கேள்வி: இத்தாலியில் ஊருக்கு ஊர் வைனின் குணம் மாறுமாமே. நம்மூர்ச் சாராயத்துக்கு அப்படி ஊர்ப்பெருமை ஏதும் உண்டா? (வாசகர், உட்துறைமுக வீதி, திருகோணமலை)

பதில்: உண்டு. ஆனால் அதைப் போத்தலில் தேடாதீர்கள், பீப்பாயில் தேடுங்கள். வடக்கே பியெமோந்தேயில் நெபியோலோ திராட்சை இலையுதிர்காலப் பனிமூட்டத்தில் ஆறுதலாகப் பழுத்து, நாக்கை உலர்த்தும் துவர்ப்போடு பரோலோ ஆகிறது. தெற்கே எட்னா எரிமலைச் சரிவின் கருமண்ணில் விளைவது வேறு சாதி. எல்லாம் மண்ணின் மகிமை என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் பரோலோ குறைந்தது 18 மாதம் மரத்தில் கிடக்க வேண்டும் என்று இத்தாலியச் சட்டமே கட்டாயப்படுத்துகிறது. மரத்துக்கும் பங்கு உண்டு என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

அந்த மரக் கணக்கில் நாம் இளைத்தவர்களல்லர். இலங்கைத் தென்னஞ்சாராயம் காலங்காலமாக முதிர்வது ஹல்மில்ல மரப் பீப்பாயில். வணிக உலகில் அதன் பெயரே ‘திருகோணமலை மரம்’. மதறாசில் அலை தாங்கும் மசூலாப் படகு கட்டப் போனதும் அதே மரந்தான். கள்ளு இறக்குவது களுத்துறைப் பக்கம், நமக்கென்ன பங்கு என்பீர்கள். நியாயம். பரோலோவின் பெரிய பீப்பாய்களுக்கும் ஓக் மரம் குரோவேசியாவின் ஸ்லவோனியாவிலிருந்து போகிறது. அங்கே எவரும் பங்கு கேட்டதாகத் தெரியவில்லை. நாம் தாராளமாகக் கேட்கலாம், கொடுக்கத்தான் ஆளில்லை.