ஏழைக்குச் சுங்கம், சீமானுக்குச் சுரங்கம்

ஜொகன்னஸ்பர்க்கில் வீட்டு வேலை பார்க்கும் ஜிம்பாப்வே பெண், ஊரிலிருக்கும் தாய்க்குப் பணம் அனுப்பக் கவுண்டருக்குப் போகிறாள். அடையாள அட்டை, முகவரி, ‘எதற்கு அனுப்புகிறாய்?’ என்ற விசாரணை. சோளமாவுக்குத்தான். கடைசியில் கட்டணம். உலக வங்கியின் கணக்குப்படி, ஜி-20 நாடுகளிலேயே பணம் அனுப்ப அதிகம் செலவாவது தென்னாப்பிரிக்காவில்தான். சில வழித்தடங்களில் நூற்றுக்குப் பத்துக்கு மேலும் பிடிப்பார்கள்.

பெரிய மனிதர் இந்த வரிசையில் நிற்பதில்லை. அவர் பணத்தையே அனுப்புவதில்லை, சரக்கை அனுப்புகிறார். பத்து டாலர் சரக்குக்கு ஆறு டாலர் என்று பில் போட்டால், மிச்ச நாலு வெளிநாட்டுக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். வாங்கியவர் யார்? இவருடைய இன்னொரு கம்பெனிதான். எந்தக் கவுண்டரிலும் ‘எதற்கு?’ என்ற கேள்வி கிடையாது.

இப்படி ஆப்பிரிக்காவிலிருந்து ஆண்டுக்கு 5,000 கோடி டாலருக்கு மேல் கள்ளத்தனமாக வெளியேறுகிறது, பெரும்பங்கு வணிக வழியாகத்தான் என்று தென்னாப்பிரிக்க முன்னாள் அதிபர் தாபோ உம்பெக்கி தலைமையிலான குழு 2015இல் சொன்னது. 2020இல் ஐ.நா.வின் வணிக, வளர்ச்சி அமைப்பு போட்ட கணக்கு 8,860 கோடி.

ஐ.நா. சும்மா இருக்கவில்லை. 2030க்குள் ஏழையின் அனுப்புச் செலவு 3 சதவீதத்துக்குக் கீழே வரவேண்டும் என்றது. கள்ளப் பண ஓட்டம்? அதைக் ‘கணிசமாக’க் குறைக்கவேண்டுமாம். சில்லறைக்குத்தான் சதவீதம், கோடிகளுக்கு உரிச்சொல்லே போதும்.

அந்தப் பெண்ணுக்கு ஒரு யோசனை: அம்மா, பணம் அனுப்பாதே. உன் தாயிடமிருந்து ஆயிரம் டாலருக்கு ஒரு முறம் இறக்குமதி செய்ததாகப் பில் போடு. முறம் வராவிட்டாலும் பணம் போய்ச் சேரும்.