காளவாசலில் நின்றபடியே பயண எழுத்தாளர் ஆவது எப்படி?

முதலில், ஊரைவிட்டுக் கிளம்பியாக வேண்டும் என்ற எண்ணத்தை விடுங்கள். மெகஸ்தனிஸ் பாடலிபுத்திரத்தில் உட்கார்ந்துகொண்டே பாண்டிய நாட்டைப் பற்றி எழுதினார். ஹெராக்ளிஸ் தன் மகள் பாண்டையாவுக்குக் கொடுத்த நாடு என்றார். சுமார் 2300 வருஷமாக நாமும் மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கிறோம். நேரில் வந்து பார்த்திருந்தால் அவருக்கு இந்தத் துணிச்சல் வந்திருக்காது.

போயே தீருவேன் என்பவர்கள் மதுரை காளவாசல் நிறுத்தத்துக்கு வரவும். செங்கல் சுடுகிற சூளைக்குத்தான் காளவாசல் என்று பேர். சூளை போய்விட்டது, சூடு மட்டும் மேம்பாலத்தடியில் இருக்கிறது. தேனி, போடி, கம்பம், குமுளி பஸ்ஸெல்லாம் இந்த வழியாகத்தான் போகும். ஆனால் ஆரப்பாளையத்திலேயே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்திருப்பார்கள். நீங்கள் படியில் கால் வைக்கும்போது, "உசிலம்பட்டியெல்லாம் கடைசியா ஏறுங்க" என்பார் கண்டக்டர். எழுதும்போது இதையெல்லாம் விட்டுவிட்டு, 'ஜன்னலோர இருக்கையில் சாய்ந்தேன்' என்று ஆரம்பிக்கவும்.

போகிற ஊர் எதுவானாலும் அங்கே காலம் உறைந்திருக்க வேண்டும், மனிதர்கள் வெள்ளந்தியாக இருக்க வேண்டும். டீக்கடைப் பெரியவர் ஒருவர் தத்துவம் சொல்லியாக வேண்டும். நிஜத்தில் அவர் கேட்பது, "தம்பிக்கு எந்த ஊரு? அங்க யாரு வீடு?" இரண்டாவது கேள்வி எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் ஆற்றையும் வாழ்க்கையையும் ஒப்பிட்டு ஒரு வாக்கியம் போடுங்கள். வைகையில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போடுவது நல்லது.

கூடுமானால் காய்ச்சலில் படுங்கள். பத்துப் பக்கம் கூடும். 1340களில் இபன் பதூதா மதுரைக்கு வந்தபோது ஊரில் கொள்ளைநோய். சுல்தான் அவருக்குச் சகலை முறை, இருந்தும் காய்ச்சல் விடவில்லை. புளியைக் கரைத்துக் குடித்தார். மூன்று நாள் வயிற்றால் போய்த் தேறினார். உலகம் சுற்றிய மனுஷன், மொராக்கோவுக்குத் திரும்பிச் சொல்லி எழுதவைத்தபோதும் அந்தப் புளியை மறக்கவில்லை. என்னைக் கேட்டால், மதுரையைப் பற்றி அயலார் எழுதியதிலேயே நம்பத்தகுந்த பகுதி அதுதான்.

ஏ.கே. செட்டியாரை மட்டும் பின்பற்ற வேண்டாம். கோட்டையூர்க்காரர். 1937இல் நியூயார்க்கிலிருந்து டப்ளின் போகிற கப்பலில், காந்தியைப் பற்றிப் படம் எடுக்கலாமே என்று தோன்றியிருக்கிறது. அதற்காக ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் அலைந்து, 50,000 அடி பிலிம் திரட்டி, 1940இல் படத்தை வெளியிட்டும்விட்டார். இவ்வளவு செய்தவர் தன் கட்டுரைகளில் தன்னை எங்கேயும் முன்னால் நிறுத்தவில்லை. போதாததற்கு, மற்றவர்களின் பயணக் கட்டுரைகளைத் தேடித் தொகுத்தார். இந்தக் காலத்தில் இது செல்லாது. தாஜ்மகாலே என்றாலும் உங்கள் தோளுக்குப் பின்னால்தான் அது தெரிய வேண்டும்.

பிடித்த இடம் எது என்று கேட்டால் ஸ்விட்சர்லாந்து என்று சொல்லிவிடவும். உண்மையைச் சொல்லக் கூடாது. என் உண்மை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. தேனி ரோட்டில் போய், நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் இடதுகைப் பக்கம் பிரிந்தால் கீழக்குயில்குடி, சமணர் மலை. அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். மேலே பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், கீழே வட்டெழுத்தில் செதுக்கக் கொடுத்தவர்களின் பெயர்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேலாயிற்று. சாயங்கால வெயில் அந்த முகங்களில் படும்போது யாருக்கும் ஒரு வாக்கியமும் தோன்றாது. பயண எழுத்தாளருக்கு ஆகாத இடம்.

அதைப் பற்றி ஒருமுறை எழுதித் தொலைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால், நான் வழக்கமாக உட்காரும் பாறையில் துண்டு போட்டிருந்தது.