ரேடியோ நெல்

பாமரனுக்கு அறிவியலை முதன்முதலில் கொண்டு சேர்த்தது தாங்கள்தான் என்று பாட்காஸ்ட் நடத்துகிற தம்பிமார்கள் மைக்கைக் கடிக்காத குறையாகச் சொல்கிறார்கள். இருக்கட்டும். அவர்களுடைய தாத்தா காலத்திலேயே அரசாங்கம் அந்த வேலையைப் பார்த்துவிட்டது, அதுவும் ஒரு தடவைகூடச் சிரிக்காமல்.

1956-ல் யுனெஸ்கோ ஆதரவில் புனே பக்கம் 150 கிராமங்களில், ரேடியோ கேட்டு விவசாயம் பேசும் மன்றங்களுக்கு வெள்ளோட்டம். கேள், விவாதி, செய் என்பது தாரக மந்திரம். முதல் இரண்டில் நம் ஜனங்களை அடிக்க ஆளில்லை. மூன்றாவதில்தான் கொஞ்சம் இடிக்கும்.

நம்மூரிலும் பஞ்சாயத்து ரேடியோ முன்னால் சாயங்காலம் கூட்டம் சேரும். பாட்டுக்காகத்தான். பாட்டு வருமுன் ஒருவர் வந்து உரக்கணக்கு ஒப்பிப்பார். எழுந்து போனால் உட்கார்ந்த இடம் போய்விடும். அறிவியல் பரவிய ரகசியம் இவ்வளவுதான்.

1960-களில் திருச்சி வானொலி தஞ்சை விவசாயிகளைப் பிடித்துக்கொண்டது. விஷயம், ஆடுதுறை 27 என்ற நெல் ரகம். ஜப்பான் நோரின் 10-க்கும் நம்ம கோயமுத்தூரில் பொறுக்கியெடுத்த ஜி.இ.பி. 24-க்கும் ஜாதகம் பார்க்காமல் நடந்த கல்யாணம். பிள்ளை சுமார் 105 நாளில் அறுவடைக்கு வந்தது. குறுவைக்காரர்களுக்குக் கசக்குமா? ரேடியோவில் கேட்ட பெயர்தான் வாயில் நுழையவில்லை. "அந்த ரேடியோ நெல்லு குடுங்க" என்றார்கள். வருஷக்கணக்கில் வயலில் முதுகு ஒடிந்த விஞ்ஞானிக்கு ஒன்றுமில்லை. பேசின பெட்டிக்குப் பட்டம்!

1966-ல் கோவை வானொலி வந்தது. அன்றைக்குத் திருப்பூர் கோவை மாவட்டம். பருத்திக்குப் புழுமருந்து சொன்னார்கள். திருப்பூர்ப் பக்கத் தோட்டத்துக்காரர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏனுங்க, கெணத்துல தண்ணி ஊற மருந்து சொல்லுவாங்களா?" என்றிருப்பார்கள். அதற்கு எந்த நிலையத்திலும் பதில் இல்லை. பிற்பாடு அவர்களில் பலர் பருத்தியை விளைவிப்பதை விட்டுவிட்டு, நூலாக வாங்கிப் பனியனாக விற்கப் போனார்கள். விவசாய நிகழ்ச்சியால் தொழிலதிபரானவர் பட்டியலை ஆகாசவாணி ஏனோ வெளியிடவில்லை.

ஆகவே தம்பிகளே, சந்தாதாரர் எண்ணிக்கையைக் காட்டி மிரட்டாதீர்கள். திருப்பூர் காதர்பேட்டையில் ஒரு ஆள் பனியன் கடையேறி, "அந்த பாட்காஸ்ட் பனியன் ஒரு டஜன் குடுங்க" என்று கேட்கட்டும். அப்புறம் பேசலாம்.