பேரல் சார்

எல்லா அடுக்குமாடிக் குடியிருப்பிலும் இப்படி ஒருவர் இருப்பார். எங்களவர் இரண்டாவது மாடி. மத்திய அரசு எண்ணெய் நிறுவனம் ஒன்றில் அஸ்ஸாம், மும்பைக் கடல், நரிமணம் என்று சுற்றிவிட்டு, பென்ஷனோடு சென்னைக்கு வந்து சேர்ந்தவர். கதவில் பித்தளைப் பெயர்ப்பலகை இருக்கிறது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. வாட்ச்மேன் முதல் செகரட்டரி வரை எல்லோருக்கும் அவர் ‘பேரல் சார்’தான்.

ஊர் முழுக்க லிட்டரிலும் குடத்திலும் அளப்பதை அவர் பேரலில் அளப்பார். கோடையில் தண்ணீர் லாரி வந்து நின்றால் பால்கனியிலிருந்து குரல் வரும்: “பன்னிரண்டாயிரம் லிட்டரா? எழுபத்தஞ்சரை பேரல்!” ஒரு பேரல் என்றால் 42 அமெரிக்க காலன், நம் கணக்கில் சுமார் 159 லிட்டர். இது இப்போது லாரி டிரைவருக்கே மனப்பாடம்.

புதிதாகக் குடிவந்த ஒரு பையன் விவரம் தெரியாமல் லிஃப்டில் கேட்டுவிட்டான், “பெட்ரோல் விலை எப்ப சார் குறையும்?”

சார் 1859-லிருந்து ஆரம்பித்தார். பென்சில்வேனியாவில் டைட்டஸ்வில் என்ற ஊர், ட்ரேக் என்ற மனிதர், அறுபத்தொன்பதரை அடியில் எண்ணெய். லிஃப்ட் தரைக்கு வந்தது. கதவு மூடாமல் இருக்க ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு அஸ்ஸாமின் டிக்பாய் எண்ணெய் வயலுக்குப் போனார். அங்கிருந்து 1974-க்கு, சாகர் சம்ராட் என்ற துளைமேடை மும்பைக் கடலின் மும்பை ஹையில் துளை போட்ட கதைக்கு. பையன் கையிலிருந்த பால் பாக்கெட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. “நூத்துக்கு எண்பத்தஞ்சுக்கு மேல இறக்குமதி தம்பி” என்று முடித்தபோது, விலை எப்போது குறையும் என்பது மட்டும் பாக்கி. அவன் அதற்கப்புறம் படிக்கட்டில்தான் போகிறான். உடம்புக்கு நல்லதாம்.

டிசம்பரில் பிள்ளைகள் கீழே கிறிஸ்துமஸ் மரம் வைத்து சீரியல் பல்பு சுற்றினார்கள். சார் நின்று பார்த்துவிட்டு, “இதுல வால்வு எங்கே? பிரஷர் கேஜ் எங்கே?” என்றார். எண்ணெய்க் கிணற்றின் வாயில் பொருத்தும் வால்வுக் கூட்டத்துக்கும் கிறிஸ்துமஸ் மரம் என்றுதான் பெயர் என்று விளக்கினார். ஒரு குழந்தை அழுதது.

இதோடு நின்றிருந்தால் சமாளித்திருப்போம். அவருக்கு கோல்ஃபும் உண்டு. ஆடுவதில்லை, பார்ப்பதுதான். அஸ்ஸாமில் இருந்தபோது டிக்பாயில் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன மைதானத்தில் பிடித்த பைத்தியம். அந்தக் காலத்து ஏழாம் நம்பர் ஐயர்ன் மட்டை ஒன்று இன்னும் கதவிடுக்கில் நிற்கிறது. கீழ் சன்ஷேடில் விழும் துண்டையும் ஜாக்கெட்டையும் அவர் மனைவி அதைக் கொண்டுதான் லாகவமாக இழுத்தெடுப்பார். நான் பார்த்தவரையில் அந்த வீட்டில் உண்மையான கோல்ஃப் திறமை அந்த அம்மாவுக்குத்தான்.

ஊரே ஐபிஎல்லில் இருக்கும் ஏப்ரல் மாதம் சாருக்கு மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டி. ஜார்ஜியா மாநிலத்து அகஸ்டாவில் ஞாயிறு சாயங்காலம் ஆட்டம் முடிந்தால், இங்கே திங்கள் விடியற்காலை. கோல்ஃப் வர்ணனையாளர்கள் ஏதோ தூங்கும் குழந்தையைத் தாண்டிப் போகிறவர்கள் மாதிரி கிசுகிசுப்பார்கள். சாருக்குக் காது மந்தம். ஆகவே அந்தக் கிசுகிசுப்பை முழு வால்யூமில் வைத்துக் கேட்பார். நள்ளிரவில் எங்கள் கட்டடம் பூராவும் யாரோ ரகசியம் பேசுவது போலிருக்கும். நடுநடுவே அமெரிக்கக் குருவி வேறு கத்தும். பந்து குழியில் விழுந்ததும் ஆயிரக்கணக்கான பேர் ஒரேயடியாகக் கூச்சல் போடுவார்கள் பாருங்கள், அப்போது மூன்றாவது மாடிக்காரர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். 2025-இல் ரோரி மெக்கில்ராய் கடைசிக் குழியில் கோட்டைவிட்டு, ஜஸ்டின் ரோஸோடு பிளே-ஆஃப் ஆடி ஜெயித்தது எங்கள் மாடியில் கோல்ஃப் பிடிக்காதவர்களுக்கும் தெரியும்.

“ஒருத்தனும் ஓட மாட்டேங்கறான், என்னங்க விளையாட்டு இது?” என்று அவர் மனைவி ஒருநாள் கேட்டார்.

“கிணறு மட்டும் ஓடுதா? சும்மா நிக்கும். நாமதான் கூடவே இருந்து பார்த்துக்கணும்.”

2020 ஏப்ரலில் ஊர் கொரோனாவுக்குப் பயந்து கதவடைத்துக் கிடந்தது. சாரின் துக்கம் தனி. மாஸ்டர்ஸை நவம்பருக்குத் தள்ளிவிட்டார்கள். அது போதாதென்று 20-ஆம் தேதி அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் பூஜ்யத்துக்கும் கீழே, பேரலுக்கு மைனஸ் 37.63 டாலருக்குப் போய் முடிந்தது. வாழ்நாளெல்லாம் தோண்டி எடுத்த சரக்கை, காசும் கொடுத்து எடுத்துப்போ என்கிற நிலை. இரண்டு நாள் மாஸ்க்கைக் கழற்றவேயில்லை என்றார்கள், வீட்டுக்குள்ளேயே.

சென்ற கோடையில் எங்கள் போர்வெல் நின்றுபோனது. சங்கத்துக் கூட்டத்தில் எல்லோர் கண்ணும் சார் பக்கம் திரும்பியது. காத்திருந்தது போல எழுந்தார். பாறைக்குள் அழுத்தம் குறைவதைப் பற்றி அரை மணி நேரம். வயசான கிணறுகளின் கஷ்டத்தைச் சொல்லும்போது குரல் கம்மியது. “எண்ணெய் வரும்னு பார்த்தா, வர்றதுல நூத்துக்குத் தொண்ணூறு வெறும் தண்ணி!”

செகரட்டரி கைகூப்பினார். “அந்தக் கிணத்தை எங்களுக்குக் கொடுத்திடுங்க சார்.”

சாயங்காலம் மெக்கானிக் வந்தான். மோட்டார் பெட்டியைத் திறந்து, வீங்கிப்போயிருந்த கண்டென்சரை மாற்றினான். தண்ணீர் கொட்டியது. சார் அசரவில்லை. “ஆர்டிஃபிஷியல் லிஃப்ட் ஃபெயிலியர். அதைத்தானே காலையிலேர்ந்து சொல்லிட்டிருக்கேன்?”

நல்ல மனிதர். சந்தா பாக்கி வைத்ததில்லை, யாரைப் பற்றியும் புறம் பேசியதில்லை. அவர் வீட்டுக்கு மேலே, மூன்றாவது மாடி ஃபிளாட் இப்போது வாடகைக்கு வந்திருக்கிறது. தாராளமாக வந்து பாருங்கள், தண்ணீர்க் கஷ்டம் கிடையாது. அட்வான்ஸ் கொடுப்பதை மட்டும் ஏப்ரல் இரண்டாவது வாரம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள்.